வந்தது பானு இல்லை

விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்த ராஜகுமாரி, பானுவின் பெஞ்சை ஆளில்லாத பெஞ்சைப் போலக் கடந்து போனாள். பானுவும் கை நீட்டவில்லை. மிஞ்சிய தாளை மேசையில் வைத்து, "இது யாருதுன்னு தெரியல மிஸ்" என்றாள் ராஜகுமாரி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வசந்தகுமாரி டீச்சருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடல் தாண்டி, கேம்பல் பே என்ற தீவு ஊருக்கு டீச்சர் மாற்றலாகி வந்த புதிது. ஆறாம் வகுப்பில் ஏதோ சரியில்லை என்று வந்ததிலிருந்தே பட்டது. பானு பேசினால் எந்தத் தலையும் திரும்புவதில்லை. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி தானாக விழுந்தது. ஹெட்மாஸ்டரிடம் சொன்னதற்கு, பிள்ளைகள் விளையாட்டு, கண்டுகொள்ளாதீர்கள் என்றுவிட்டார்.

அன்று மதியம் பானு தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பசிக்கவில்லையா என்று டீச்சர் கேட்டாள்.

"செத்தவங்களுக்குப் பசிக்காதுல்ல மிஸ்?" என்றாள் பானு, பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. மழைக்காலத்தில் படகுத்துறையில் விளையாடும்போது கடலில் விழுந்திருக்கிறாள். மீன்பிடிக்கிறவர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். காய்ச்சல் தெளிந்து பள்ளிக்கு வந்த அன்று, பானு கடலோடு போய்விட்டாள், வந்திருப்பது பூத் என்று பேச்சு கிளம்பியது. பேய்க்கு இங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சொல்வது அந்த இந்தி வார்த்தையைத்தான். அதன்பிறகு யாரும் அவளைத் தொட்டதில்லை.

"நானே கிள்ளிப் பாப்பேன் மிஸ். சில நாள் வலிக்கிறதில்ல."

தலையைத் தடவ நீண்ட டீச்சரின் கை ஒரு கணம் நடுவில் நின்றது. நின்றதை அவளே உணர்ந்தாள். பிறகுதான் தொட்டாள்.

மதியம் முதல் பீரியடில் பானுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ராஜகுமாரியையும் அங்கே வரச் சொன்னாள். அவள் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"தொட்டா ஈரமா இருக்கும் மிஸ்."

அதில் குறும்பு இல்லை. உதடு வெளுத்திருந்தது.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"நான்தான் தள்ளுனேன். ரொம்ப நேரம் மேல வரவேயில்ல. பயந்து ஓடிட்டேன். அப்புறம் வந்தது எப்படி மிஸ் பானுவா இருக்கும்?"

டீச்சர் அதட்டவில்லை. சாயங்காலம் இரண்டு அம்மாக்களையும் பார்க்கப் போவதாகவும் தானும் கூட இருக்கப்போவதாகவும் மட்டும் சொன்னாள். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

பானு தானாகவே உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ராஜகுமாரியின் விரல் மெல்ல இறங்கி வந்தது. வகுப்பு முழுக்க எழுந்து எட்டிப் பார்த்தது. எல்லோரையும்விடக் கூர்ந்து, கண் இமைக்காமல், பானுவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.