ஏழாவது கேள்வி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் நடக்கும் தவறு என்னுடையது. கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் போனில் மணி அடிக்கும். மருத்துவமனைக்கு வந்தவை நாற்பது. யார் இதை விடாமல் பயன்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு கேள்வித்தாள். கேள்விகளை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தது நான்.

ஏழாவதற்குத்தான் மதிப்பெண் அதிகம்: 'புதுக் கருவி ஒன்றைத் தயக்கமில்லாமல் பயன்படுத்துவீர்களா?'

எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது.

2

கருவிகளைக் கண்டாலே மிரளும் அந்த அப்பாவிப் பெண் [இந்த வரியை அடித்துவிட்டேன். அவர் எதற்கும் மிரளுகிறவர் இல்லை.]

அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தை ஓட்டுகிறவர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்தார். இரண்டாம் முறை, கொதிக்கும் தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி.

ஏழாவது கேள்விக்கு அவர் சொன்னது: "தயக்கம் இல்லாம எப்படி? எந்தப் புது மெஷின் வந்தாலும் முதல்ல கிழிஞ்ச துணியில ஓட்டிப் பாத்துட்டுதான் நல்ல துணியை வைப்பேன்."

கேட்ட நர்ஸ் 'தயங்குவார்' கட்டத்தில் குறியிட்டார்.*

(* இத்தனை வருடத்தில் அவர் கருக்கிய துணி ஒன்றுகூட இல்லை. அதற்குக் கட்டமில்லை. நான் போடவில்லை.)

3

வில்லை யார் யாருக்கு என்ற பட்டியலை மருத்துவமனையில் ஒட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"சிஸ்டர், என் பேரைக் காணோமே?"

"உங்களுக்கு முப்பத்தொண்ணுதான்க்கா வந்திருக்கு. அறுபது வேணும்."

"நான் எப்ப பரீட்சை எழுதினேன்?"

"அன்னிக்குக் கேள்வி கேட்டேன்ல? அதை வச்சு, நீங்க இதை விடாம மாட்டிக்குவீங்களான்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

"அடேயப்பா! நான் மாட்டிக்குவேனான்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு." கையை நீட்டினார். "விழறது நான். குடுங்க."

அறுபதைத் தாண்டியவர்கள் முப்பத்தொன்பது பேர். நாற்பதாவது வில்லையின் டப்பா, திருப்பி அனுப்பக் கட்டி, மேசைமேல் இருந்தது.

"கேள்வி தப்பு," என்றேன். "அவங்க பதில் சரி."

"வாயால சொன்னா ஆச்சா சார்? எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றார் நர்ஸ். போட்டேன்.

கைக்கு வந்த டப்பாவை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிஸ்டர், ஒட்டிப் பழகக் கெட்டுப்போனது ஒண்ணு இருக்கா?"

4

முடிவு (அ): மணி அடிக்கிறது, அவர் தகட்டைவிட்டு விலகி உட்காருகிறார். கணிப்பு தோற்றது. நீங்கள் கைதட்டலாம்.

முடிவு (ஆ): பத்தாம் நாள், அரிக்கிறதென்று பிய்த்துப் போடுகிறார். கணிப்பு வென்றது. கணித்தவர்கள்...

இல்லை. இரண்டையும் எழுத மாட்டேன். ஒழுங்காக மாட்டிக்கொண்டார் என்று நிரூபித்தால்தான் அவர் கை நீட்டியது நியாயம் என்றால், அந்த நிரூபணத்தை இந்தக் கதை தராது. அவர் விழுந்தார், கேட்டார். அது போதும்.

தெரிந்தே ஆகவேண்டுமென்றால் சலவைக்கூடத்துக்குப் போய் அவரையே கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.