பத்துக்கு ரெண்டு

"வலி பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு மேடம்."

முழங்கையைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"இப்போ?"

"ரெண்டுதான்."

பதிமூன்று வயதுப் பெண் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி சிரித்தாள். ஜிம்னாஸ்டிக்ஸ் மேடையில் குட்டிக்கரணம் போட்டு இறங்கியதும் நடுவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஆறு வயதிலிருந்து பழகியது. ஏழு வாரத்துக்கு முன்னால் உயரக் கம்பியிலிருந்து கை நழுவி விழுந்தபோதுகூட, ஓடி வந்த கோச்சிடம் "ஒண்ணுமில்ல சார்" என்று சிரித்தாள். அப்போது அவளுடைய இடது முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

மூன்று வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் பார்த்தால், கை கதவுக் கொக்கி மாதிரி வளைந்தே நின்றது. நான்கு வாரமாகத் தினமும் இந்த அறைக்கு வந்து, இன்னும் இருபது டிகிரி பாக்கி. அடுத்த மூன்றாவது வாரம் அணித் தேர்வு. அதற்குள் கை நேராகி, பிசியோதெரபிஸ்ட் கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

வழக்கமாகக் கூட வருவது அம்மா. பேக்கரியில் ஷிப்டு மாறியதால் அன்றைக்கு அப்பா வந்திருந்தார். நாற்காலி இருந்தும், கட்டிலின் கால்மாட்டில் கிடந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷம். பதினெட்டு வருஷமாகச் செருப்புக் கடையில் அவருடைய உலகமே அந்த உயரத்தில்தான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?"

"தாராளமா மேடம்."

"வேணாம்!" என்றார் அப்பா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்கு வலிக்குது மேடம். ரெண்டெல்லாம் இல்ல. ஏழாவது இருக்கும்."

"சார், நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. செருப்புக் கடை."

பிசியோதெரபிஸ்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. மகளின் பாதங்களைக் காட்டினார். பத்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, அம்பு முனை மாதிரி விறைத்து நின்றன. சுளுக்கே பிடித்துவிடும்போல இருந்தது.

"கடையில தினமும் பாக்கிறேன். வாய் 'சரியா இருக்கு'ன்னு சொல்லும், கட்டைவிரல் உள்ள கிடந்து தவிக்கும். நான் மூஞ்சியவே பாக்கிறதில்ல."

பிசியோதெரபிஸ்ட் கையை மெல்ல விட்டார். விரல்கள் தளர்ந்தன. மறுபடி லேசாக அழுத்தினார். விரல்கள் விறைத்தன. மேலே அதே சிரிப்பு.

"அடிப்பாவி!" என்றார். "வலியோட அழுத்தினா உள்ளுக்குள்ள எலும்பு மாதிரி கட்டி தட்டிடும்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா? அப்புறம் இந்தக் கை ஜென்மத்துக்கும் நீளாது. நீ சொல்ற நம்பரை நம்பித்தானே நான் அழுத்தறேன்?"

பெண் அப்பாவைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே உளவாளி இருந்திருக்கிறான் என்பது போன்ற பார்வை.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. அழுத்துவது பிசியோதெரபிஸ்ட். சிரிப்பது மகள். நம்பர் சொல்வது அப்பா. கடையில் சொல்லி மத்தியான நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் கோபம் ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம். இடது கை பின்மண்டைக்கு எட்டாது. அம்மாவோ விடிவதற்குள் ரொட்டி அடுக்கக் கிளம்பிவிடுவாள். ஆக, காலையில் பின்னல் போடுவது அப்பாதான். மூச்சுக்கூட விடாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்பா குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டார்.

"அப்பா, இது தலை. ஷூ இல்ல."

"இறுக்கிக் கட்டினாத்தான் அவுறாது."

"புருவம் நெத்திக்கு ஏறிடுச்சு!"

"இனிமே நடுவருங்க உன்னப் பாத்து ஆச்சரியப்பட வேணாம். நீயே ஆச்சரியமா இருப்ப."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது.

மறுநாள் கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ்.

"வெயில் கொளுத்துதே தவளை, இது எதுக்கு?"

தத்தித் தத்தி நடந்த வயதில் அவர் வைத்த பெயர் அது. ஒழுங்காக நடப்பதற்கு முன்பே குதித்த குழந்தை.

"ஃபேஷன்."

"ஓஹோ."

சிகிச்சை அறையில் அவள் படுத்ததும் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பூட்ஸ் இரண்டும் தரையில் ஜோடியாக நின்றன, சாக்ஸ் நான்கும் உருண்டையாக உள்ளே.

"யாருகிட்ட?" என்றார் அப்பா.

அழுத்தம் குறைந்தது. மூன்றுக்கு மேல் போனால் அப்பா கையைத் தூக்குவார், பிசியோதெரபிஸ்ட் நிறுத்துவார். அடுத்த பத்து நாளில் முழங்கை வீக்கம் வற்றியது. இருபது டிகிரி பன்னிரண்டாகி, பிறகு பத்தானது.

"மெதுவாப் போனா வேகமா வருது, பாத்தியா?" என்றார் அப்பா.

"தேர்வும் வேகமா வருது" என்றாள் மகள்.

இடையில் ஒரு நாள், படுக்கையறைக் கதவு நிலையில் இடது கையை ஊன்றியபடி அவள் அசையாமல் நின்றதை அப்பா பார்த்தார். குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தவளை?"

"சும்மா."

கையெழுத்து நாள் வந்தது. தேர்வுக்கு இரண்டு நாள். படிவம் மேஜையில் தயாராக இருந்தது. மகளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார் பிசியோதெரபிஸ்ட். கால்கள் கீழே தொங்கின.

"இடது கையைப் பின்னால ஊனிக்கோ. மொத்த பாரத்தையும் அதுமேல போடு. இது தாங்கினாத்தான் கம்பி. சார், பாருங்க."

அப்பா ஸ்டூலில் குனிந்தார்.

மகள் பாரத்தைப் போட்டாள். முழங்கை லேசாக நடுங்கியது. முகத்தில் சிரிப்பு. அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதங்கள் தளர்ந்து தொங்கின, துவைத்துக் காயப்போட்ட சாக்ஸ் மாதிரி. ஒரு விரல் அசையவில்லை.

"இன்னும் போடு."

அசையவில்லை.

"ரெண்டு மேடம்!" என்றார் அப்பா. "ரெண்டுகூட இல்ல, ஒண்ணுதான்! நீங்க போடுங்க கையெழுத்து. என் பொறுப்பு."

பிசியோதெரபிஸ்ட் பேனாவை எடுத்தார்.

மகள் அப்பாவின் உச்சந்தலையைப் பார்த்தாள். தன் பாதத்துக்கு முன்னால் குனிந்திருந்த அந்தத் தலையில், நடுவில் முடி கொட்டி ஒரு வட்டம் விழுந்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் சந்தோஷத்தில் சின்னப் பையன் முகமாக மாறியிருந்தது. இந்தக் கை தேர்வன்று கம்பியில் மறுபடி விலகினால், 'நான்தான் ஒண்ணுன்னு சொன்னேன்' என்று இந்த மனுஷர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அப்பா, தப்பு."

"என்ன தப்பு?"

"ஒண்ணு இல்ல." கையைப் பாரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆறு."

பேனா நின்றது.

"விரலு..."

"நாலு நாளாப் பழகினேன்ப்பா. கதவ ஊனி, வலிக்க வெச்சு வெச்சு, விரல மட்டும் தொங்கப் போட." இப்போது சிரிப்பு இல்லை. மூக்கு நுனி சிவந்துவிட்டது. "கைல பாரம் போட்டா சுருக்குனு குத்துது. நெஜமா ஆறு."

அப்பா மகளின் கால்விரல்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து, "பதினெட்டு வருஷ சர்வீஸ் மேடம். ஒரு கஸ்டமர் ஏமாத்தினதில்ல" என்றார். சொல்லும்போதே மகளின் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார்.

பிசியோதெரபிஸ்ட் படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "ஏழு வாரத்துல இவ சொன்ன முதல் நெஜ நம்பர்" என்றார். "இனி நான் இவகிட்டயே கேட்டுக்கறேன் சார்."

தேர்வு நாளன்று அவள் மற்ற பெண்களுக்குக் கை வழுக்காமல் பூசும் வெள்ளைப் பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தொண்டை கட்டும் வரை கத்தினாள். வீட்டுக்கு வந்து, அம்மா மடியில் படுத்து ஒரு பாட்டம் அழுதாள். அம்மா பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள். இரட்டை முடிச்சு அவிழவே இல்லை. "இந்த மனுஷன் என்ன, மூட்டையா கட்டினாரு?" என்று அவள் பல்லால் கடித்து இழுத்தபோதுதான் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

இன்னும் ஐந்து வாரம் போனது. ஒரு சாயங்காலம், கையெழுத்தான படிவத்தைக் கோச்சிடம் கொடுத்துவிட்டு, அப்பா பயிற்சிக் கூடத்தின் வாசலில் நின்றார். செருப்போடு உள்ளே வரக் கூடாது என்பதால் வெறுங்காலில் நின்றார்.

கோச் அவளைத் தூக்கிவிட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். கை முழுசாக நீண்டது. மெல்ல ஒரு ஊஞ்சல். இன்னொன்று.

"விரலு எங்க போச்சு? விரலு!" என்று அதட்டினார் கோச்.

பத்துக் கால்விரல்களும் ஒன்றாகச் சேர்ந்து அம்பு மாதிரி நீண்டன.

வாசலில் அப்பா அந்த விரல்களைப் பார்த்தார். வெறுங்காலோடு பாதிக் கூடம் ஓடி வந்துவிட்டார். "தவளை! எத்தன?"

"ஜீரோப்பா!" கம்பியிலிருந்து குரல் வந்தது. "இது மார்க்குக்கு!"

"அவர யாரு உள்ள விட்டது?" என்றார் கோச்.

அப்பா பின்வாங்கினார். ஆனாலும் வாசல் வரை போகவில்லை. பாதி வழியில், பாயின் ஓரத்தில், அவள் கால் தெரியும் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்துகொண்டார்.