இரண்டாவது பெயர்

தீவுப் பெண்களின் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போன ஹெக்டர் மறுபடியும் அங்கே வந்தபோது குளிர்காலம் முடிந்திருந்தது. கிர்ஸ்டி இறந்த செய்தி எடின்பரோவில் இருந்த அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பதிவு இயந்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கியவன், வாசலில் நின்ற அவள் கணவர் ரூரியிடம், "அக்கா எங்க? அவங்க பாட்டை அவங்களுக்கே போட்டுக் காட்டலாம்னு கொண்டாந்திருக்கேன்" என்றான்.

ரூரி கதவை அகலத் திறந்தார். பிறகு, "ஈஸ்டருக்கு முன்னாடி போயிட்டா. நெஞ்சுச் சளி. உள்ள வா, காத்து அடிக்குது" என்றார்.

அடுப்பில் விறகுக்குப் பதில் காய்ந்த சதுப்புமண் கட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. பக்கத்து நிலத்துக்காரன் யூவன் வழக்கம்போல் ரூரியின் புகையிலையை எடுத்துத் தன் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் கூடி ஈரக் கம்பளியைப் பலகையில் அடித்து இறுக்கும்போது பாடும் துணியடிப்புப் பாட்டுகளை முன்னின்று பாடும் பெகியும் ஓட்ஸ் ரொட்டியோடு வந்திருந்தாள். ஹெக்டர் இயந்திரத்தைத் திரும்பத் தூக்கிப் போகப் பார்த்தான். "இன்னொரு நாள் வரேன் ஐயா."

"போடு" என்றார் ரூரி.

பலகையில் ஈரக் கம்பளி விழும் சத்தம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் பெண்களின் குரல்கள். அவற்றில் கிர்ஸ்டியின் குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் மற்றவர்களைவிட இம்மி தாமதமாக வந்து சேர்ந்துகொள்வாள். அடுப்படியிலும் அப்படித்தான். கூப்பிட்டால் உடனே வர மாட்டாள், வராமலும் இருக்க மாட்டாள்.

பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ரூரி காத்திருந்தார்.

துணி இறுகி முடியும் நேரத்தில் ஜோடிப் பாட்டு வரும். ஒருத்தியைப் பார்த்து மற்றவர்கள், உனக்கு யார் என்று கேட்டு ஒருவன் பெயரைப் போடுவார்கள். அவனை அவள் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்து தள்ளிவிட்டு, தன் மனசில் இருப்பவன் பெயரைத் தானே சொல்வாள். அந்தப் பெயரைச் சொல்லும் பாட்டு அடி ஒவ்வொரு தடவையும் புதுசாக இருக்கும். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. போனால் துணியோடு துணியாக உருட்டி எடுத்துவிடுவார்கள். வாலிபத்தில் ரூரியும் யூவனும் சன்னலுக்கு வெளியே மழையில் நின்று ஒட்டுக்கேட்ட ஒரு நாளில்தான், கிர்ஸ்டி யூவனைத் தள்ளிவிட்டு ரூரியின் பெயரைச் சொன்னாள். அதுவரை அவர் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. அதன்பிறகு கேட்க வேண்டியும் இருக்கவில்லை. கல்யாணமாகி நரை விழுந்த பிறகும், துணியடிப்பு நடக்கும்போதெல்லாம் பெண்கள் அவளுக்கு யூவனைத்தான் போடுவார்கள்.

இயந்திரத்தில் இப்போது பெகியின் குரல் கேட்டது: உனக்கு யாரடி கிர்ஸ்டி, யூவனைத் தரட்டுமா?

கிர்ஸ்டி பாடினாள். அவன் படகில் ஓட்டை, அவன் தலையில் முடியில்லை, அவன் நாய்கூட அவனோடு கடலுக்குப் போகாது.

பெண்கள் சிரித்தார்கள். அடுப்பருகில் யூவனும் சிரித்தான். "நாய் விஷயம் நெசம்தான். செத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்படியென்றால் யாரடி, யாரடி என்று பெண்கள் கேட்டார்கள். துணி விழுந்தது. கிர்ஸ்டி மூச்சை இழுத்தாள்.

"போதும் கிர்ஸ்டி. அது வேணாம்."

அதுவும் இயந்திரத்திலிருந்துதான்; ரூரியின் குரல். பதிவு நடந்த அன்று அவர் சன்னலுக்கு வெளியே நின்று சொன்னது. துணிச் சத்தம் தடுமாறி நின்றது. யாரோ, சரி விடுங்கடி, ஆளுக்கு வெட்கம் என்றார்கள். அதோடு நாடா முடிந்து சக்கரம் சும்மா சுற்றியது.

ரூரிக்கு அன்றைக்கு நினைத்தது ஞாபகம் இருந்தது. எடின்பரோவில் எவனெவனோ உட்கார்ந்து கேட்பான். வீட்டு விஷயம் எதற்கு அவனுக்கு? போதாததற்கு இவள் இந்தத் தடவை என்ன அடி போடப்போகிறாளோ, குறட்டையைச் சொல்வாளோ, முட்டிவலியைச் சொல்வாளோ. அன்று மாலை ரொட்டியை மேசையில் வைக்கும்போது, "நல்லதாத்தான் ஒண்ணு வெச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். என்னவென்று அவர் கேட்கவில்லை. அடுத்த துணிக்குச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த துணி வரவில்லை.

"முப்பது வருஷமா அந்த சன்னல்ல நின்னோம்" என்றான் யூவன். "ஒவ்வொரு தடவையும் அவ என்னைத்தான் விரட்டுவா. நான்தான் சிரிப்பேன். நீ ஒருநாளும் சிரிச்சதில்லடா. இப்ப பாரு, என் பேரு எடின்பரோ வரைக்கும் போயிருக்கு."

ரூரி பெகியின் பக்கம் திரும்பினார். "மெட்டு உனக்குத் தெரியும். அந்த அடியை நீ பாடி முடிச்சிக் குடேன்."

பெகி கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "எப்படி அண்ணே? அந்த இடத்துல அவ சொல்லணும். வேற ஒருத்தி சொன்னா, அந்தப் பேருக்காரன் சொன்னவளோட ஆளா ஆயிடுவான். எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான், அதுவே தாங்கல." சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஐயா, உங்க குரல் வர்ற அந்தக் கடைசித் துண்டை வெட்டிடலாம். அக்கா யூவனைக் கிண்டல் பண்றதோட பாட்டு முடிஞ்ச மாதிரி இருக்கும். கேக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ரூரி யோசித்தார். வெட்டினால் கிர்ஸ்டி யாரையுமே ஏற்காமல் போனவளாக ஆகிவிடுவாள்.

"வேணாம்" என்றார். "நிறுத்தினது யாருன்னு தெரியட்டும்."

பிறகு நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "யாரடின்னு கேக்கிற இடத்திலேருந்து இன்னொரு தடவை போடு."

துணி விழுந்தது. யாரடி, யாரடி. கிர்ஸ்டி மூச்சை இழுத்தாள். தன் குரல் வருமுன் ரூரி கையைத் தூக்கினார். ஹெக்டர் அங்கேயே நிறுத்தினான்.

"இன்னொரு தடவை" என்றார் ரூரி.