உயிரோடிருப்பவளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள்

அக்ரிபினாவைக் காற்று முதன்முதலாகத் தூக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில். அப்போது அவள் எடை பத்தொன்பது கிலோ. அதற்கு முந்தின வருடம் வால்நட் வியாபாரியின் தராசில் ஏறி நின்றபோது அறுபத்திரண்டு இருந்தாள். இத்தனைக்கும் ஆள் மெலியவில்லை, கன்னம் கன்னமாகத்தான் இருந்தது, மூன்று வேளையும் சோளக்களியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தின்றாள். எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அன்று முதல் இரண்டு பைகளிலும் கல் போட்டுக்கொண்டு நடந்தாள்.

காரணம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. மால்டோவாவில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, புருஷனோ பெண்டாட்டியோ முதலில் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு கல் நட்டுவிடுவோம். இரண்டு பெயர், இரண்டு படம். மிச்சமிருப்பவருக்குப் பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு வெற்றிடம். புருஷன் நிக்கிஃபோர் இறந்து ஆறு வருடமாக அக்ரிபினா சனிக்கிழமைதோறும் போய், ஈரத்துணியால் முதலில் கல்லில் உள்ள தன் முகத்தைத் துடைப்பாள், பிறகு அவர் முகத்தை. இதில் விசேஷம் எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை.

பிறகு தார்ச்சாலை வந்தது, அதன் வழியே வெளிநாட்டுப் பயணிகளின் பேருந்தும் வந்தது. எங்கள் நீலச் சிலுவைகளை எவனோ படம் பிடித்துப் போட்டிருந்தானாம். வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. தொப்பியைக் கழற்றினார்கள், குரலைத் தாழ்த்தினார்கள், ஒரு கல்லையும் மிதிக்கவில்லை. வினையே அந்த மரியாதைதான். படத்தில் சிரிக்கும் அக்ரிபினாவைப் பார்த்ததும் அவர்களுக்கு மனம் இளகிவிடும், ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒரு மெழுகுவர்த்திக்கு நூறு கிராம் வீதம் அவள் குறைந்தாள்.

கணக்கு பிடிபட்டது இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்களால். அவர்கள் நேராகக் கல்பலகை மேலேயே உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்து, தோலை நிக்கிஃபோரின் பெயர்மேல் துப்பினார்கள். நிக்கிஃபோரின் அக்காள் ஸம்ஃபிரா துடைப்பத்தோடு துரத்தினாள். நூற்றுப்பத்து கிலோ உடம்பு, முப்பது வருடமாகக் கல்லறையில் எவனையும் ஒரு கல்லில் கால் வைக்க விடாதவள், சொந்தப் பேரனையே காதைப் பிடித்து வெளியே தள்ளியவள். அந்த வாரம் அக்ரிபினா இரண்டு கிலோ கூடியிருந்தாள். இதை யாரும் உரக்கப் பேச விரும்பவில்லை.

செய்து பார்க்காதது இல்லை. படத்தைத் துணியால் மூடினார்கள். பயணிகள் அதை இன்னும் பெரிய துக்கமென்று எடுத்துக்கொண்டு இரண்டிரண்டாக ஏற்றினார்கள். "உயிரோடு இருக்கிறார்" என்று பலகை எழுதி வைத்தார்கள். மொழி தெரியாதவர்கள் அதையும் பிரார்த்தனை என்று நினைத்துத் தலை குனிந்தார்கள். கடைசியில் ஸம்ஃபிரா கல்தச்சனைக் கூட்டிவந்தாள்.

"பேரைச் செதுக்கி எடுத்துருடி. எடுத்தா எல்லாம் சரியாயிரும்."

"முடியாது மதினி. அவர் பக்கத்துல என் பேரு இருக்கணும்."

"பேரு இருக்கும், நீ இருக்க மாட்டே."

"சாகறதுக்கா பயப்படறேன்? காத்து தூக்கிட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்கயாச்சும் போட்டுருச்சுன்னா? எவனோ அங்கயே புதைச்சிருவான். இங்க அவர் பக்கத்துல குழி காலியாவே கிடக்கும். அதை நினைச்சாத்தான் தூக்கம் வரல."

கல்தச்சன் உளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இறந்தவர்களின் ஈஸ்டர். அன்று ஊரே கல்லறையில் மேசை போட்டு, சிவப்பு முட்டையும் பின்னல் ரொட்டியும் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கொடுத்து, தானும் சாப்பிடும். கல்லுக்குப் பக்கத்தில் சாப்பிடலாம், கல்மேல் உட்காரக் கூடாது. அந்த வருடம் அக்ரிபினா நான்கு கிலோ. பைக்கல்லோடு சேர்த்து மேசைக்காலில் கயிறும் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் தீக்குச்சி உரசினாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

இத்தாலியில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை பார்த்த அவளுடைய தம்பி மகன் செவாஸ்தியான் அன்று பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தான். வாசலில் இருந்தே கல்லில் படத்தைப் பார்த்தான். வருடம் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பிளாஸ்டிக் மாலை மறைத்திருந்தது. "அத்தே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே" என்று கல்லைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்திருந்தான். யாரும் தடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே தீயில் பற்றவைத்துவிட்டான். சொந்த ரத்தம் ஏற்றினால் கூடுதலாகக் குறையும் போலிருக்கிறது. கயிறு அறுந்தது. அக்ரிபினா மேசைக்கு மேலே, வால்நட் மரக் கிளைகளுக்கும் மேலே எழும்பினாள். ஆற்றுப் பக்கம் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை, ஸம்ஃபிரா அங்கே நின்றாளே.

ஸம்ஃபிரா தம்பியின் படத்தைப் பார்த்தாள். "மன்னிச்சிருடா நிக்கிஃபோர்" என்றாள். பிறகு நூற்றுப்பத்து கிலோவும் கல்பலகைமேல் இறங்க உட்கார்ந்தாள், செவாஸ்தியானின் மெழுகுவர்த்திகள் பாவாடைக்கடியில் அணைந்தன. பையிலிருந்து விதையை எடுத்துக் கொறித்து, கண்ணீர் வழிய வழிய, தம்பியின் பெயர்மேல் தோலைத் துப்பினாள். ஒரு பிடி, இரண்டு பிடி. மூன்றாவது பிடியில் அக்ரிபினாவின் செருப்புகள் மரத்துக்குக் கீழே தெரிந்தன. நான்காவதில் அவள் பெஞ்சுமேல் இறங்கினாள், பெஞ்சு முனகியது.

"விதை இன்னும் இருக்கா மதினி?" என்று கேட்டாள்.

அக்ரிபினா இப்போது ஐம்பத்தெட்டு கிலோ. பேருந்து வாராவாரம் வருகிறது, மெழுகுவர்த்திகளும் குறையவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஸம்ஃபிரா தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கல்மேல் உட்காருகிறாள், கல்லில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அவள் எழுந்து போன பிறகு அக்ரிபினா தோலைக் கூட்டிப் பெருக்கி, ஈரத்துணியால் இரண்டு முகங்களையும் துடைக்கிறாள். மற்றக் கற்களில் எவனாவது கால் வைத்தால் ஸம்ஃபிராவின் துடைப்பம் இன்னும் வருகிறது.