அம்ஹா வீட்டுப் படிகள்

யுத்தம் முடிந்து இரண்டு மாதத்தில் நான் கல்முனைக்கு வந்தபோது, தங்கச்சி அம்ஹாவின் வீடு கட்டி முடிந்திருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். கடலுக்குப் பயந்து வாப்பா அத்திவாரத்தை உயர்த்தியிருந்தார். வாசலுக்கு ஐந்து படிகள்.

அம்ஹாவால் நடக்க முடியாது. சுனாமியில் மதில் விழுந்து முள்ளந்தண்டு நொறுங்கி நாலரை வருடம் ஆகிறது.

"ஏன் வாப்பா இவ்வளவு படி?"

"நீதானே மகள் சொன்ன, அந்தக் கலம் எதுவாயும் மாறுமெண்டு. அவ நடந்துதான் குடிபோவா."

சொன்னது நான்தான். வெளிநாட்டில் குருத்துக் கலங்களை, ஸ்டெம் செல் என்கிற உயிரணுக்களை, ஆராயச் சேர்ந்த புதிதில், உம்மா தொலைபேசியில் அழுதது தாங்காமல் வாய்விட்டுவிட்டேன். நாக்கைக் கடித்திருக்க வேண்டும். இப்போது வாப்பா, அந்தக் கலத்தை ஊசியில் ஏற்றுகிறேன் என்ற வைத்தியர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். அடுத்த கிழமை அம்ஹாவைக் கொண்டுபோக என் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

முதலில் அம்ஹாவிடம் சொன்னேன். அந்தக் கலத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் இருக்கின்றன. சுற்றியுள்ள சைகைகளை அவை பிடிக்கும்; கலம் என்னவாகும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. காயப்பட்ட இடத்தில் நரம்பாகு என்ற சைகை கிடைக்காவிட்டால் தழும்போடு தழும்பாகக் கிடக்கும். கட்டியாகவும் வளரலாம்.

"அப்ப அது எதுவாயும் ஆகும், ஆனா கேக்கிறத வெச்சித்தான் ஆகும்."

"ஓம்."

"வாப்பாவும் அப்பிடித்தான், ராத்தா. நீங்க சொன்னதுல பாதியத்தான் கேட்டிரிக்கார்."

"நான் சொன்னதே பாதிதான், அம்ஹா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரம் புது வீட்டு வாசலில் வாப்பாவிடம், அந்த ஊசி வேண்டாம் என்றேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருநாளும் நடக்கமாட்டாவா?"

"தெரியாது வாப்பா. இப்ப அதுக்கு மருந்து இல்ல. நான் அப்பிடிச் சொன்னது பிழை."

அம்ஹா சக்கர நாற்காலியை முதற்படிவரை உருட்டி வந்தாள். "இது என்ட ஊடு. நடந்துதான் போகணுமெண்டு ஒருநாளும் என்னத் தூக்கிட்டுப் போக விடல்ல நீங்க. நான் இன்னும் உள்ளுக்குப் பாக்கல்ல வாப்பா."

அவர் எழும்பி, படிகளின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு ட்ரக்டர் கிறவல் மண் வந்து இறங்கியது. வாப்பா மண்வெட்டியால் இழுத்துப் படிகளை மூடிக்கொண்டிருந்தார். அழுதபடியே மூடினார். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன்.

அம்ஹா நாற்காலியிலிருந்து குனிந்து மண்ணின் சரிவைப் பார்த்தாள்.

"இன்னும் நீட்டிச் சரிவாப் போடுங்க வாப்பா. நான் தனியத்தான் ஏறப்போறன்."