வெளிக்குள் புகுந்த தவில்

என் மனைவி கஜந்தினியின் கவிதைகளில் எழுத்தைவிட வெறும் தாள்தான் அதிகம். ஒரு வரி எழுதுவாள், கீழே நாலு விரற்கடை விட்டுவிடுவாள். "உந்த வெளியிலைதான் கவிதை இருக்கு" என்பாள். அச்சகக்காரர் ஒருமுறை தாளை மிச்சம் பிடிக்க நினைத்து வெளிகளைச் சுருக்கிவிட, இவள் அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

இரண்டாவது தொகுப்பின் வெளியீடு சுன்னாகத்தில். எங்கள் பக்கத்து வெளியீடுகளில் ஆய்வுரைகள் முடிவதற்குள் புத்தகமே பழசாகிவிடும். இவளோ உரையே வேண்டாம், வேறு கலைக்காரர் ஒருவர் கவிதைக்குப் பதில் சொல்லட்டும் என்றாள். அந்த ஒருவர் அவளுடைய அப்பா, தவில் வித்துவான் பஞ்சலிங்கம்.

காரணம் எனக்குத் தெரியும். கடைசிக் கவிதை அவளுடைய அம்மாவைப் பற்றியது. மாமி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கண்மூடியபோது மாமா ஒரு திருவிழாவில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்ததேயில்லை. மகளின் கவிதை எதையும் படித்ததுமில்லை. இந்த ஒன்றையாவது அவர் கேட்கவேண்டும் என்று அவள் தவித்தாள்.

மாமா பட்டுவேட்டியும் சங்கிலியுமாக மேடையில் அமர்ந்து வலக்கை விரல்களில் தவிலடிக்கும் கூடுகளை மாட்டினார். "நீ வாசி பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்."

கஜந்தினி முதல் வரியை வாசித்து நிறுத்தினாள். மண்டபம் கண்ணை மூடி அந்த வெளியை அனுபவிக்கத் தொடங்கியது. மாமா அதற்குள் புகுந்து விளாசினார். முன்வரிசையில் இருந்த விமர்சகர் நடராசாவின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. மாமாவைப் பிழை சொல்ல முடியாது. நாயனம் ஓய்ந்தால் தவில் எடுக்கவேண்டும்; ஆயுள் முழுக்க அதுதான் அவருடைய தொழில்.

மூன்று கவிதைகள் இப்படியே போயின. பின்வரிசைக்காரர் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார்கள். நவீன கவிதைக்கு இவ்வளவு உற்சாகத்தை நான் கண்டதில்லை.

"அப்பா, அது வேணுமெண்டு விட்ட இடம். கொஞ்சம் சும்மா இருங்கோவன்" என்று மைக்கிலேயே கெஞ்சினாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே." கூடுகளைக் கழற்றி மடியில் வைத்தார். முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கடைசிக் கவிதை. "ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து அம்மா கேட்டாள்" என்று வாசித்தாள். அந்த இடத்தில் வெளி கிடையாது. அச்சுப்படி திருத்தியவன் நான். அடுத்த வரி உடனே வரவேண்டும். வரவில்லை. அவள் தாளின்மேல் குனிந்துவிட்டாள். மண்டபம் இதுவும் வெளிதான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மாமா மட்டும் மகளைப் பார்த்தார். கூடு மாட்டாத வெறும் விரல்களால் தவிலை மெல்லத் தட்டத் தொடங்கினார். விளாசல் இல்லை, அவசரம் இல்லை. அவள் மூச்சை இழுத்து நிமிர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அப்பா சாப்பிட்டவரோ?" என்று கடைசி வரியை வாசித்தாள்.

மாமாவின் கை நின்றது.

தேநீர் வேளையில் நடராசா, கடைசிக் கவிதையின் வெளிதான் தொகுப்பின் உச்சம் என்றார். நான் அவருக்கு இன்னொரு வடையை நீட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவில் கஜந்தினி கேட்டாள். "சும்மா இருக்கச் சொன்னனான் எல்லே, அப்பா?"

"நாயனக்காரனுக்கு மூச்சு முட்டினால் நாங்கள்தானே பிள்ளை பிடிக்கிறது." சரிந்த தவிலை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். "கொம்மா கேட்டதுக்கு நீ என்ன சொன்னனீ?"

"சாப்பிட்டவர் எண்டு சொன்னன்."

மாமா மடியில் இருந்த தவிலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை, பிள்ளை."