சுருங்கிய ஜாடி

சென்னையிலிருந்து வந்த படக்குழுவினர், எங்கள் பீங்கான் பட்டறையில் ஒரு பழைய ஜாடிக்கு நகல் கேட்டார்கள். நூறாண்டுகளுக்கு முந்தைய துப்பறியும் காதல் நாவல் ஒன்றைப் படமாக்குகிறார்களாம். சித்தப்பாவின் பங்களாவில் அடைபட்டிருக்கும் நாயகி, காணாமற்போன காதலனின் கடிதத்தை ஜாடிக்குள்ளிருந்து எடுக்க வேண்டும்.

சூளையில் வெந்தால் மண் சுருங்கும். ஆகவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்து, அதன்மேல் அச்சு எடுப்பதே முறை. கலை இயக்குநர் பிரபா அவர்கள் அவசரமென்று அசல் ஜாடியின் மீதே அச்சு எடுக்கச் சொன்னார். பீங்கான் தொழிலில் பட்டயப் படிப்பு முடித்தவள் நான். தவறென்று தெரிந்தும் "சரிங்க மேடம்" என்றேன். மூன்று நகல்களில் ஒன்றே விரிசலின்றித் தேறியது; அதன் வாயும் அசலைவிடக் குறுகியிருந்தது. அசலோ உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது.

படப்பிடிப்பு எங்கள் பட்டறையிலேயே நடந்தது. கார்த்திகையின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை பெண்ணாடத்து மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பூ வைக்க வீட்டுக்கு வருவதாக இருந்தது. பூ வைத்துவிட்டால் பிறகு பின்வாங்க இயலாது. திருமணத்துக்குப் பின் நான் வேலைக்குப் போகக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. அண்ணன் தனக்கோடி என்னைக் கேட்டபோது, வழக்கம்போல் "சரிங்கண்ணா" என்றிருந்தேன். நாலரைக்கு ராகு காலம், விடிந்தால் மார்கழி. தவறினால் தையில்தான்.

நடிகை வரத் தாமதமாகவே, கை மட்டும் தெரியும் காட்சிக்கு என் கையைக் கேட்டார்கள். அதற்கும் சரியென்றேன். விரல்களைக் குவித்து நுழைத்தேன். கடிதத்தைப் பற்றிய பின், கை வெளியே வரவில்லை.

நான்கு மணிக்கு அண்ணன் வண்டியில் வந்து இறங்கினார்.

"இன்னா விருத்தாம்பா இது? அவங்கல்லாம் வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க."

"கை மாட்டிக்கிச்சுங்கண்ணா."

"ஒடைங்க மேடம் அத."

இருப்பது ஒன்றே ஒன்றுதான், உடைத்தால் படப்பிடிப்பு நின்றுவிடும் என்று பிரபா கெஞ்சினார்.

"அப்ப ஜாடியோடவே வா. பூவ தலையிலதான வைக்கப் போறாங்க."

ஒளிப்பதிவாளர் சிரித்தார். ஜாடி பட்டறையை விட்டுப் போகக்கூடாது என்று பிரபா வாசலை மறித்துக்கொண்டார்.

சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். கை வழுக்கியது. பிடித்திருந்த தாளை விட்டால் போதும், வந்துவிடும் என்பது எனக்குப் புரிந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வருதா?" என்றார் அண்ணன்.

"வரலைங்கண்ணா."

அவருடைய கைப்பேசி மூன்று முறை ஒலித்தது. மூன்றாம் முறை எடுத்து, தலையைக் குனிந்தபடி, தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து.

விரல்களைத் தளர்த்தினேன். கை வெளியே வந்தது. மணிக்கட்டில் வளையம்போல் சிவந்திருந்தது. பிரபா அதையே உற்றுப் பார்த்தார். பிறகு என் கண்களையும்.

"இன்னொரு டேக் போலாமா? நெஜமாவே மாட்டிக்கிட்ட மாதிரி வேணும்."

"சரிங்க மேடம்" என்று கையை மறுபடியும் உள்ளே விட்டேன்.